தராசடியில் ஒரு சிரிப்பு

(ஆயர் ஈத்தாமில் ஒரு ஞாயிறு மாலை நடைபெற்ற மாதர் பகுதிக் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான அன்பர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத பால்வெட்டுத் தோழர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



இன்றைய பேச்சுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, "பிள்ளைத்தாய்ச்சியும் தன் உடலும்" என்பது. கருவுற்ற பெண் மாறிவரும் தன் உடலைக் கண்டு வெட்கப்படாமல் மதிப்புடன் இருப்பது எப்படி என்று பேசவேண்டுமாம். "பேறுகாலத்தைப் பற்றிப் பேச ஒரு கிராணியா? டாக்டர் யாரும் கிடைக்கவில்லையா?" என்று பின் வரிசையில் யாரோ கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். நாங்கள் டாக்டர் அல்லர், மிஸ்ஸியும் அல்லர். தராசடியில் நின்று பால் நிறுத்துக் கணக்கு எழுதுகிறவர்கள். ஆனால், தாய்மார்களே, இந்த விஷயத்தில் நாங்கள் ஒரு பிழை செய்தவர்கள். அந்தப் பிழையை உங்கள் முன்னால் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசவேண்டும்.

தோட்டத்தில் பால் நிறுக்கும் நேரம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு வந்து, நிரையில் இறங்கி, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வருகிறபோது ஆளும் களைத்திருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். களைப்பைப் போக்க யாராவது கேலி பேசுவார்கள். அதில் தவறில்லை. சிரிப்பும் இல்லையென்றால் அந்த வேலையை யார் செய்வது?

சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு சகோதரி வாளியோடு தராசடிக்கு வந்தார். மண்டோர் ஒருவர், "கிராணி ஐயா, இன்றைக்குத் தராசு இரண்டு வேண்டும். ஒன்று பாலுக்கு, ஒன்று ஆளுக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நாங்களும் சிரித்தோம். அந்தச் சகோதரியும் சிரிப்பதுபோல் காட்டிக்கொண்டார். ஆனால் முகம் கவிழ்ந்தது.

மறுநாள் முதல் அவர் தம் கணவரின் பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் நிறுத்துப் போன பிறகு, கடைசி ஆளாக வரிசைக்கு வந்தார். அதைப் பார்த்தும் எங்களுக்கு எதுவும் உறைக்கவில்லை. பின்னால் தெரியவந்தது என்ன? காலைச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார். கிளினிக்கிலும் எடை பார்ப்பார்களே என்று இரண்டு முறை தவணைக்குப் போகவில்லை. ஒரு நாள் நிரையிலேயே மரத்தடியில் மயங்கிக் கிடந்தார். பக்கத்து நிரைக்காரர் கண்டு கூக்குரலிட்டதால் உயிர் தப்பினார். உடம்பில் இரத்தம் மிகக் குறைவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குழந்தை எடை குறைவாகப் பிறந்து, பல நாள் ஆஸ்பத்திரியில் இருந்துதான் வீடு வந்தது.

எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சிரிப்பே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. வறுமை இருந்தது, வேலைப் பளு இருந்தது. ஆனால் குழந்தையைப் பார்க்கப் போனபோது அந்தச் சகோதரி கோபமில்லாமல் ஒரு வார்த்தை சொன்னார்: "அன்றைக்கு நீங்களும் சிரித்தீர்களே, கிராணி ஐயா."

தாய்மார்களே, அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறோம்.

கிராணியின் கணக்கு

கேலி எடையைப் பற்றி வந்தது. ஆகையால் முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். அது எங்கள் தொழில்.

பால் வாளியைத் தராசில் வைத்தால் ஓர் எண் வருகிறது. அந்த எண்ணை மட்டும் பார்த்து நாங்கள் கணக்கு எழுதுவதில்லை. மெட்ரோலாக் விட்டுப் பார்க்கிறோம். நிறுத்த பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதியில் பெரும்பகுதி தண்ணீர் என்று நமக்குத் தெரியும். வாளிப் பாலுக்கே இத்தனை விசாரணை வைத்திருக்கிற நாம், ஒரு தாயின் எடையைக் கண்டதும் "பருத்துவிட்டாள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோமே!

நல்ல உடல்நலமுள்ள ஒரு பெண்ணுக்குப் பத்து மாதத்தில் ஏறும் எடை சராசரி 12.5 கிலோ என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அந்தக் கணக்கைச் செக்ரோலில் எழுதுவதுபோல் வரிவரியாக எழுதிப் பார்ப்போம்.

குழந்தை 3.4 கிலோ. நஞ்சுக்கொடி 650 கிராம். பனிக்குட நீர் 800 கிராம். கருப்பை வளர்ந்தது 970 கிராம். மார்பகம் 400 கிராம். புதிதாக ஊறிய இரத்தம் 1,450 கிராம். உடலெங்கும் கூடிய நீர் 1,480 கிராம். பால் கொடுக்கும் காலத்துக்கென்று உடல் சேர்த்து வைக்கும் கொழுப்பு 3,350 கிராம். கூட்டிப் பாருங்கள், 12.5 கிலோ சரியாக வரும்.

இந்த வரிகளில் வீண் செலவு என்று அடிக்கக்கூடியது எது? ஒன்றுமில்லை. கடைசியில் எழுதிய கொழுப்பைத்தானே நாம் கேலி செய்கிறோம்? அது அந்தத் தாய் தன் பிள்ளைக்காகப் போட்டுவைக்கும் சேமிப்பு. சேமிப்புப் பணம் பெருகினால் நம்மில் யாராவது வெட்கப்படுகிறோமா?

எல்லாருக்கும் இதே எண் வரவேண்டும் என்பதில்லை. அமெரிக்க மருத்துவக் கழகம் 2009இல் வெளியிட்ட அளவுகளின்படி, சரியான எடையுள்ள பெண்ணுக்கு 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம். மெலிந்த பெண்ணுக்கு 12.5 முதல் 18 கிலோ வரை ஏறவேண்டும். முன்பே எடை கூடியவருக்கு 7 முதல் 11.5 கிலோ போதும். உங்களுக்குரிய அளவு எது என்பதைக் கிளினிக் மிஸ்ஸி சொல்வார். பக்கத்து லயத்து அத்தையும் சொல்லவேண்டாம், ஸ்டோர் வாசலில் நிற்கும் மண்டோரும் சொல்லவேண்டாம். எடை அளவுக்கு மேல் ஏறினால் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போன்ற தொல்லைகள் வரக்கூடும் என்பதும் உண்மைதான். அதற்கு வழி மிஸ்ஸியிடம் கேட்டுச் சாப்பாட்டைத் திருத்துவது. வெட்கத்தால் பட்டினி கிடப்பது வழியன்று.

கிளினிக்கில் தாயின் அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிற அடையாளம் வைக்கிறார்கள். சிவப்பு விழுந்துவிட்டால் சில தாய்மார்கள் பரீட்சையில் தோற்ற பிள்ளையைப்போல் அட்டையை மறைக்கிறார்கள். அது மதிப்பெண் அன்று, தாயே. யாரை எவ்வளவு விரைவாக டாக்டர் கவனிக்கவேண்டும் என்பதற்கான குறிப்பு. சிவப்பு அட்டைக்காரரைத்தான் முதலில் கவனிக்கவேண்டும்.

வெட்டுப்பட்ட பட்டை

அடுத்தது வயிற்றில் விழும் வரிகள். "புலி பிறாண்டியதுபோல் ஆகிவிட்டது" என்று சொல்லிக் கண்ணீர் விடுகிற இளந்தாய்மார்கள் உண்டு. அவர்களுக்கு நம் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறோம்.

பால்மரத்தைப் பாருங்கள். உளி பட்ட இடத்தில் பட்டை சீவப்பட்டுச் சாய்வாகக் கோடு விழுகிறது. மரம் அந்த இடத்தில் புதுப்பட்டை வளர்த்துக்கொள்கிறது. அது பழைய பட்டைபோல் வழவழப்பாக இருப்பதில்லை. ஆனால் அந்த மரத்தைப் பார்த்து "அழகு கெட்டது" என்று எந்தக் கங்காணியாவது சொன்னதுண்டா? பால் கொடுத்த மரம் என்றல்லவா சொல்லுகிறோம்! தழும்பே இல்லாத மரம் இன்னும் பால் கொடுக்காத மரம்.

வயிறு விரைவாகப் பெருக்கும்போது தோலின் உள்ளடுக்கு இழுபட்டு விழும் வரிகள் அவை. கர்ப்பிணிகளில் மிகப் பலருக்கு வருகின்றன. முதலில் சிவந்தும் கறுத்தும் இருக்கும். பிள்ளை பிறந்து மாதங்கள் போகப்போக மங்கி, வெள்ளிக் கோடுபோல் ஆகும். முழுவதும் மறைவதில்லை. அவை வராமல் தடுக்கும் என்று உறுதியாக நிறுவப்பட்ட களிம்பு எதுவும் கிடையாது. தேங்காய் எண்ணெய் தடவினால் அரிப்பு குறையும், உடம்புக்கும் இதமாக இருக்கும். அதற்குமேல் நூறு வெள்ளிக் குப்பிக்குக் காசைக் கொட்டாதீர்கள். அந்தக் காசில் முட்டை வாங்குங்கள், கீரை வாங்குங்கள், மீன் வாங்குங்கள்.

முகத்தில் கன்னத்திலும் நெற்றியிலும் படரும் கருமையை மங்கு என்கிறோம். பால் எடுக்கும் மங்கும் அதே பெயர்தான்! கருக்காலத்தில் உடலில் சுரக்கும் நீர்கள் தோலின் நிறத்தைக் கூட்டுவதால் இது வருகிறது. தொப்புளிலிருந்து கீழே ஓடும் கறுத்த கோடும் அப்படித்தான். பேறு முடிந்து மாதங்கள் சென்றால் பெரும்பாலும் தாமே குறையும். வெயில் பட்டால் மங்கு கூடும். ஆகையால் தலைக்குத் தொப்பியோ துண்டோ கட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. முகத்தை வெளுக்கவைக்கும் என்று சந்தையில் விற்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் தாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, கருவில் இருக்கும் குழந்தையையும் சென்று சேரும். பெயர் ஊர் அச்சிடாத டப்பாவைக் கையாலும் தொடாதீர்கள். குங்குமப்பூவைப் பாலில் போட்டுக் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதும் வெறும் பேச்சு. பிள்ளையின் நிறம் பெற்றோர் வழி வருவது, டம்ளர் வழி வருவதன்று.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரின் பெயருக்கு என்ன பொருள்? ஆயர் என்றால் நீர், ஈத்தாம் என்றால் கறுப்பு. கறுத்த நீர்! 1962இல் கட்டி முடித்த அணை இந்த மலைக்கு மேலே இருக்கிறது. பெயரில் கறுப்பு என்று இருப்பதால் இந்த ஊரை யாரும் தாழ்வாக எண்ணவில்லை. மலை இரயிலுக்கும் கேக் லோக் சீ கோயிலுக்கும் உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கோயிலில் 2002இல் எழுப்பிய குவான் யின் தெய்வச் சிலை முப்பது மீட்டர் உயரம். பிள்ளை வரம் கேட்டும் சுகப் பிரசவம் வேண்டியும் சீனத் தாய்மார்கள் கைகூப்பும் தெய்வம் அது. கறுத்த நீர் என்ற ஊரில் கறுத்த கோடு விழுந்த ஒரு தாய் எதற்காகத் தலைகுனியவேண்டும்?

வெட்கம் வேறு, ஆபத்து வேறு

கவனமாகக் கேளுங்கள். எல்லா மாற்றத்தையும் "இது சகஜம்" என்று விட்டுவிடச் சொல்லவில்லை. மாலையில் கால் சற்று வீங்குவது பலருக்கும் உண்டு. ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலி விடாமல் இருந்து, கண் மங்கலாகத் தெரிந்தால், அது இரத்தக் கொதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரத்தம் பட்டாலும், பனிக்குட நீர் உடைந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே. உடலை வெறுத்து அதைப் பார்க்காமலே இருப்பவர் இந்த அறிகுறிகளையும் பார்க்கமாட்டார். மதிப்போடு தன் உடலைக் கவனிப்பவர்தான் மாறுதலை முதலில் கண்டுகொள்வார். தன் உடலை மதிக்கவேண்டும் என்று நாங்கள் சொல்வது அலங்காரத்துக்காக அன்று, உயிருக்காக.

இரத்தக் குறைவும் அப்படித்தான். கர்ப்பிணிக்கு இரத்த அளவு முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11க்கும், நடு மூன்று மாதத்தில் 10.5க்கும் குறையக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்து என்ன பயன்? சாப்பிடுங்கள். மாத்திரையோடு தேநீர் குடிக்காதீர்கள், சத்து உடலில் சேர்வது குறையும்.

நம் மொழி தந்த மரியாதை

நம் முன்னோர் இந்த உடலைப் பார்த்த விதத்தை நினைத்துப் பாருங்கள். நெற்பயிர் கதிர் விடுமுன் தண்டு பருத்தால் சூல் கொண்டது என்றார்கள். மழைக்குக் கறுத்த மேகத்தைச் சூல்கொண்ட மேகம் என்றார்கள். விளையப்போகும் எதற்கும் அந்தப் பெண்ணின் பெயரையே வைத்தார்கள். கருப்பும் பருமையும் அவர்கள் கண்ணுக்கு வளமாகத் தெரிந்தன. கர்ப்பிணியின் ஆசைக்கு வயா என்று தனிப் பெயரே உண்டு. ஆயர் ஈத்தாம் லக்சாவின் புளிப்புக்கு நாக்கு ஏங்கும் நம் சகோதரிகளுக்கு வந்திருப்பது அந்தப் பழைய வயாதான்!

வளைகாப்பு என்பது என்ன? பெருத்த வயிற்றோடு ஒரு பெண்ணை நடுக்கூடத்தில் உட்காரவைத்து, சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி, ஊரே வாழ்த்துவது. "உன் உடம்பை ஒளிக்காதே, இதோ நாங்கள் எல்லாரும் பார்த்து மகிழ்கிறோம்" என்று ஊர் சொல்லும் சடங்கு அது. தமிழ்நாட்டில் அங்கன்வாடிகளின் வழியாக அரசே சமுதாய வளைகாப்பு நடத்தி, ஏழைக் கர்ப்பிணிகளுக்கும் அந்த மரியாதையைக் கிடைக்கச் செய்கிறது.

ஆனால் ஒரு நாள் வளையல் அடுக்கிவிட்டு, மற்ற நாளெல்லாம், "இரட்டைப் பிள்ளையா? வயிறு இப்படி இறங்கியிருக்கிறதே, பெண்தானோ? என் மருமகள் இந்த மாதத்தில் இவ்வளவு பருக்கவில்லையே" என்று பேசுவது யார்? நாம்தான். வாழ்த்திய அதே வாய்தான். வயிற்றின் வடிவத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. அது தாயின் உடல்வாகு, தசையின் இறுக்கம், குழந்தை கிடக்கும் நிலை இவற்றைப் பொறுத்தது. ஒப்பிட்டுப் பேசுவதை நாம் விட்டாலே பாதி நோய் தீரும்.

வெட்கமும் வேலையும்

"இது வீட்டு விஷயம், சங்கத்துக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு இனிச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரப் பள்ளிகளில் ஒரு விதி இருந்தது. பேறுக்கு ஐந்து மாதம் முன்பே ஆசிரியை சம்பளமின்றி வீட்டுக்குப் போய்விடவேண்டும். அந்த விதி பிறந்ததற்கு ஒரு காரணம், ஆசிரியையின் வயிற்றைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்களே என்பது! ஜோ கேரல் லாஃப்ளூர் என்ற ஆசிரியை வழக்காடினார். 1974இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பாருங்கள், சிரிப்புக்குப் பயந்து போட்ட விதி எத்தனை பெண்களின் சம்பளத்தைத் தின்றது!

நம் நாட்டிலும் இதே கதை நடந்தது. மலேசிய விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்த பியாட்ரிஸ் ஃபெர்னாண்டஸ், கருவுற்றதும் ராஜினாமா செய்ய மறுத்ததால் 1991இல் நீக்கப்பட்டார். கருவுற்றால் வேலையை விடவேண்டும் என்ற அந்த நிபந்தனை எதில் இருந்தது தெரியுமா? கூட்டு ஒப்பந்தத்தில்! முதலாளியோடு தொழிற்சங்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. 2005இல் கூட்டரசு நீதிமன்றமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. சங்கத்தில் இருக்கும் நாம் இந்தக் கதையைத் தலைகுனிந்துதான் படிக்கவேண்டும். ஒப்பந்த மேசையில் பெண்ணின் உடலுக்காகப் பேச ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் காற்று திரும்பியது. 2001இல் நம் அரசமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவில், ஆண் பெண் என்று வேற்றுமை காட்டக்கூடாது என்ற சொல் சேர்க்கப்பட்டது. 2009இல் நூர்ஃபாடிலா அகமது சைகின் என்ற பெண்ணுக்குத் தற்காலிக ஆசிரியை வேலை கொடுத்து, அவர் கர்ப்பிணி என்று தெரிந்ததும் திரும்பப் பெற்றார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். அது சட்டத்துக்கு மாறான வேற்றுமை என்று 2011இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "ஆம், நான் கர்ப்பிணி" என்று மறைக்காமல் சொன்ன ஒரு பெண்ணால் வந்த வெற்றி அது.

தீபகற்ப மலேசியாவில் இன்று சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி முன்பு 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு, 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாகியிருக்கிறது. 98 நாள் என்றால் 14 வாரம். அனைத்துலகத் தொழில் நிறுவனம் 2000ஆம் ஆண்டு வகுத்த அளவும் அதுவே. விடுப்புக்காலச் சம்பளம் பெற, பேறுக்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்கவேண்டும். கடைசி நான்கு மாதத்தில் ஒரு சமயமாவது வேலையில் இருந்திருக்கவேண்டும். உயிரோடு ஐந்து பிள்ளைகள் உள்ளவருக்கு அந்தச் சம்பளம் கிடையாது. பேறு எதிர்பார்க்கும் நாளுக்கு முந்திய 60 நாளுக்குள் நிர்வாகத்துக்கு அறிவிப்புக் கொடுக்கவேண்டும். கர்ப்பிணியாக இருப்பவரை வேலையை விட்டு நீக்குவது குற்றம். ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறுதல், ஒழுங்கீனம், தொழிலையே மூடுதல் என்ற காரணங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. அதையும் நிர்வாகம்தான் நிரூபிக்கவேண்டும். தகப்பனுக்கும் ஏழு நாள் சம்பள விடுப்பு உண்டு. பன்னிரண்டு மாதம் வேலை செய்திருந்து, முப்பது நாள் முன்னதாகச் சொல்லவேண்டும்.

இந்த உரிமைகளையெல்லாம் வாங்க முதற்படி எது? "நான் பிள்ளை உண்டாகியிருக்கிறேன்" என்று சொல்வது. பெரிய சட்டைக்குள் வயிற்றை ஒளிப்பவர் அறிவிப்புக் கொடுக்கத் தயங்குவார். இலேசான நிரை கேட்கத் தயங்குவார். மருந்தடிக்கும் வேலைக்கோ உரம் தூக்கவோ போகச் சொன்னால் வாய்திறவாமல் போவார். ஆகவேதான் சொல்கிறோம், கர்ப்பிணியின் வெட்கம் சங்கத்தின் விஷயம். நாம் கேலி செய்து ஒரு பெண்ணை ஒளியவைத்தால், நாம் போராடி வாங்கிய சட்டத்தையே அவர் கையிலிருந்து பிடுங்குகிறோம்.

பிள்ளை பிறந்த பின்

பேறு முடிந்ததும் வயிறு உடனே உள்ளே போய்விடும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர். கருப்பை பழைய அளவுக்குத் திரும்பவே ஆறு வாரம் பிடிக்கும். தோலும் தசையும் இறுக மாதங்கள் ஆகும். மூன்றாம் மாதம்போல் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிரும். அதுவும் திரும்ப வளரும். சினிமா நடிகை ஒரு மாதத்தில் மெலிந்து படம் எடுத்துப் போட்டார் என்று கைப்பேசியில் பார்த்து மனம் சோராதீர்கள். அவருக்குப் பிள்ளை தூக்க ஓர் ஆள், சமைக்க ஓர் ஆள், படத்தைத் திருத்த ஓர் ஆள். உங்களுக்கு அதிகாலைப் பெரட்டு.

மனச்சோர்வையும் இலேசாக எண்ணாதீர்கள். உலக அளவில் கர்ப்பிணிகளில் நூற்றுக்குப் பத்துப் பேரும், புதிதாகப் பிள்ளை பெற்றவர்களில் பதின்மூன்று பேரும் மன நோய்க்கு ஆளாகிறார்கள், அவற்றுள் முதன்மையானது மனச்சோர்வு என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு தாய் இரண்டு வாரத்துக்கு மேல் அழுதுகொண்டே இருந்தால், கண்ணாடியைப் பார்க்கவும் பிள்ளையைத் தூக்கவும் மனமில்லாமல் இருந்தால், "திமிர்" என்று திட்டாதீர்கள், "பேய்" என்று மந்திரிக்காதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மருத்துவத்தால் குணமாகக்கூடிய நோய் அது.

நாம் செய்யவேண்டியவை

சகோதரர்களே, முதலில் உங்களிடமும் எங்களைப்போன்ற கிராணிகளிடமும் கேட்டுக்கொள்கிறோம். தராசில் பாலை நிறுங்கள், ஆளை நிறுக்காதீர்கள். கர்ப்பிணி வாளியோடு வந்தால் வரிசையில் முன்னே விடுங்கள். உட்கார ஒரு பெட்டியாவது போடுங்கள். கிளினிக் தவணை நாளைச் செக்ரோலின் ஓரத்தில் குறித்துவைத்து, "நாளைக்குத் தவணை, அம்மா, மறக்கவேண்டாம்" என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு சொட்டு மைகூட அதிகம் ஆகாது. நாங்கள் இப்பொழுது அப்படித்தான் செய்கிறோம்.

கணவன்மார்களே, கிளினிக்குக்குக் கூடவே போங்கள். அவர் சாப்பிட்டாரா என்று பாருங்கள். "நீ நன்றாக இருக்கிறாய்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். நம் ஆண்களுக்கு அந்த ஒரு வாக்கியம் வாளிப் பாலைவிடக் கனமாக இருக்கிறது!

தாய்மார்களே, மாதர் பகுதியிலிருந்து ஒருவர், முதற்பிள்ளை சுமக்கும் பெண்ணோடு கிளினிக்குக்குத் துணையாகப் போகும் ஏற்பாட்டை இன்றே முடிவு செய்யுங்கள். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நம்மோடு வேலைக்கு வந்திருப்பவர்களின் குடும்பத்துப் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். மொழி வேறானாலும் சுமை ஒன்றுதான். கருக்கலைந்த சகோதரிகளையும் வளைகாப்புக்கு அழையுங்கள், ஒதுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் என்று ஒன்று உண்டு. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர் யார் உதவியும் இல்லாமல் அதில் சுமையை இறக்கி இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடுவது வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு அவர் போய்விட்டாரே என்ற துக்கத்தில், பிறர் சுமையையாவது இறக்கட்டும் என்று நட்டார்கள்.

அந்த அன்பு பெரியது. ஆனால் இறந்த பிறகு கல் நடுவதைவிட, உயிரோடு நம் எதிரே வாளி சுமந்து நிற்கும் பெண்ணுக்கு நாமே சுமைதாங்கியாக நிற்பது மேல் அல்லவா?

அன்றைக்குச் சிரித்தோம், அம்மா. இனிச் சிரிக்கமாட்டோம். அந்தச் சகோதரிக்கு நாங்கள் சொல்லவேண்டியிருந்த பதிலை இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டோம்.